டப்பா நிறைய ஸ்டாம்ப் கெடக்கு, நீங்க எப்படிங்க பிரிச்சு அடுக்குறீங்க?

காகிதப்பூனை:
வணக்கம் மக்களே. சின்ன வயசுல சேத்தது, சொந்தக்காரங்க குடுத்தது, பழைய கவர்ல இருந்து வெட்டி வச்சதுன்னு ஒரு டப்பா நிறைய ஸ்டாம்ப் இருக்கு. இப்ப ராத்திரி வேலை முடிஞ்சதும் கொஞ்ச நேரம் அதை எடுத்து வச்சுட்டு உக்காந்துடுறேன், அஞ்சு நிமிஷம்னு நெனச்சு உக்காந்தா மணி போறதே தெரியல. முதல்ல நாடு வாரியா பிரிச்சேன், நடுவுல பறவை ஸ்டாம்ப் எல்லாம் அழகா இருக்கேன்னு அதை தனியா எடுத்தேன், இப்ப போலந்து பறவை எந்த குவியலுக்கு போகணும்னே தெரியாம முழிக்கிறேன். விலை போகுமான்னு கேக்கல, விக்கிற ஐடியாவே இல்ல. அடுக்குறதுக்கு ஒரு வழி சொல்லுங்க. அப்புறம் ஹெல்வெடியா, சுவோமி, மக்யார் போஸ்டா இதெல்லாம் எந்த நாடு? ஒரு ராணி தலை மட்டும் போட்டு நாட்டு பேரே இல்லாம நெறய இருக்கு, அது என்ன?

பல்லெண்ணி:
ஹெல்வெடியா சுவிட்சர்லாந்துங்க, அங்க ஆட்சி மொழியே நாலு இருக்கறதால பொதுவா லத்தீன் பேரை போட்டுட்டாங்க. சுவோமி ஃபின்லாந்து, மக்யார் ஹங்கேரி. சிசிசிபின்னு தெரியறது சோவியத், அது ரஷ்ய எழுத்து, எஸ்எஸ்எஸ்ஆர்னு படிக்கணும். ஜப்பான்ல 1966ல இருந்துதான் நிப்பான்னு ஆங்கில எழுத்துல வருது, அதுக்கு முந்தினதுல பெரும்பாலும் அவங்க எழுத்து மட்டும்தான், ரொம்ப பழசுல சாமந்திப்பூ சின்னம் இருக்கும், அதை வச்சு புடிச்சிடலாம்.

ராணி தலை பிரிட்டன். உலகத்துலயே முதல் ஸ்டாம்ப், 1840 பென்னி பிளாக், அவங்களோடதுதான், அப்ப வேற யாரும் ஸ்டாம்ப் போடாததால பேர் தேவைப்படல, இன்னிக்கு வரைக்கும் ராஜா ராணி தலையை வச்சே ஓட்டிட்டு இருக்காங்க 😄

வண்ணச்சிறகு:
போலந்து பறவை பறவை பக்கம்தான் போகணும், இதுல என்னங்க சந்தேகம்! நான் பறவை மட்டும்தான் சேக்குறேன். ஸ்டாம்ப்ல பெரும்பாலும் பறவையோட அறிவியல் பேர் சின்னதா போட்டிருப்பாங்க, அதை வச்சு நாடு பாக்காம ஒரு பக்கம் முழுக்க மீன்கொத்தி, ஒரு பக்கம் ஆந்தைன்னு அடுக்கிட்டு போலாம். அஞ்சாறு நாட்டு ஆந்தை ஒரே பக்கத்துல உக்காந்து நம்மள மொறைக்கறதை பாத்தா தனி சந்தோஷம். நாடு வாரியா அடுக்குறது ஆபீஸ் ஃபைல் மாதிரிதான், என் கருத்து.

பல்லெண்ணி:
ஆபீஸ் ஃபைலா?? 1923 ஜெர்மனி ஸ்டாம்பை வரிசையா அடுக்கி பாருங்க. பணவீக்கத்துல பழைய ஸ்டாம்ப் மேலயே கறுப்பு மைல புது விலை அடிச்சு விட்டாங்க, புதுசா அச்சடிச்சதும் சேந்து ஆயிரம், லட்சம்னு ஏறி கடைசில 5000 கோடி மார்க் வரைக்கும் போகுது. ஒரு நாட்டு காசு கவுந்த கதை ஒரே பக்கத்துல தெரியும், ஆந்தைல இது வருமா. சரி சண்டை வேணாம், பூனை நீங்க ரெண்டும் வச்சுக்கோங்க, ஆனா முதல்ல ஆல்பத்துல ஒட்ட ஆரம்பிச்சிடாதீங்க. ஒட்டாம சொருகி வைக்க பக்கத்துல பட்டை வச்ச ஸ்டாக்புக்னு ஒரு புக் இருக்கு, அதை வாங்கி சொருகி வைங்க, மனசு மாறுனா எடுத்து மாத்திக்கலாம், எப்படியும் மாறும்.

மெதுவாப்போவோம்:
கவரோட வெட்டி வச்சிருக்கீங்களே அதை பத்தி யாருமே சொல்லல. வெதுவெதுப்பான தண்ணில மிதக்க விட்டா தானா கழண்டு வரும், அவசரப்பட்டு உரிக்காதீங்க. சிவப்பு, பச்சை கலர் கவர்ல இருக்கறதை தனி கிண்ணத்துல போடுங்க, சாயம் எறங்கி மத்ததையும் கெடுத்துடும். புது ஸ்டிக்கர் டைப் பல நேரம் தண்ணிக்கு வராது, அதை சுத்தி பேப்பர் விட்டு வெட்டி அப்படியே வச்சுக்கறது நல்லது. வெள்ளை தாள் மேல கவுத்து போட்டு காய விட்டு, ஓரளவு காஞ்சதும் கனமான புக்குக்கு அடில வச்சா சுருளாது. கையால தொடாம ட்வீசர் வச்சு எடுங்க, மூக்கு கூர்மையா இல்லாத ஸ்டாம்ப் ட்வீசர். ஸ்டாம்ப் போட்டு வைக்க பிவிசி பிளாஸ்டிக் உறை பக்கமே போகாதீங்க.

காகிதப்பூனை:
எல்லாருக்கும் நன்றிங்க. நேத்து ராணி மட்டும் தனியா எடுத்தேன், ஒரே படம் கலர் மாத்தி மாத்தி வருது. ஒரே மாதிரி ரெண்டு இருந்தா ஒண்ணை தூக்கி போட்டுடலாமா?

பல்லெண்ணி:
ஐயோ போடாதீங்க! உண்மையான வேலையே அங்கதான். எண்ணுக்கு பக்கத்துல என்ன எழுத்துன்னு பாருங்க, டி இருந்தா பழைய பென்ஸ், 1971 பிப்ரவரில தசம காசுக்கு மாறுன பிறகு வந்ததுல பி இருக்கும். பக்கவாட்டு முகம் மட்டும்னா மேச்சின்னு சொல்ற ராணி ஸ்டாம்ப் வரிசை, அது 1967ல ஆரம்பிச்சது. அதுக்கு முந்தின ராணி வரிசையான வைல்டிங்னா கறுப்பு அட்டை மேல கவுத்து போட்டு பாருங்க, கிரீடம் வாட்டர்மார்க் (தாளுக்குள்ளயே இருக்கற மங்கலான அடையாளம்) தெரியலாம், ஒரே படத்துலயே வேற வேற கிரீடம் வரும். அடுத்தது ஓர பல்லு, 2 சென்டிமீட்டர்ல எத்தனை ஓட்டைன்னு எண்ணுறதுதான் அளவு. 15க்கு 14னு போட்டிருந்தா முதல் எண் மேல் ஓரம், ரெண்டாவது பக்க ஓரம். அதை அளக்கறதுக்குன்னே கேஜ்னு ஒரு அளவுகோல் கிடைக்கும், வாங்கிடுங்க. எல்லாமே ஒத்து போனா மேல அடிச்ச தபால் முத்திரையை பாருங்க, ஊர் பேரும் தேதியும் தெளிவா விழுந்தது ஒண்ணு இருந்தா அதை ஸ்டாக்புக்ல வைங்க, மிச்சத்தை மாத்திக்க வச்சுக்கோங்க.

வண்ணச்சிறகு:
மாத்திக்கறதுன்னா என்கிட்ட போலந்து ரெண்டு ரெண்டா இருக்கு, பறவை இல்லாதது 😁 உங்க லிஸ்ட் போடுங்க பூனை.