ஹிஸ்டரியில் இருக்கிறது, ஃபைல் இல்லை: டேட்டா பிளாட்பார்ம் அனுபவங்கள் (ஒவ்வொரு பதிவின் மேலும் எழுதியவரின் புனைபெயர்)

ராத்திரி ஷிப்ட்
ஆறு மாதம் ஆகியும் மனசை விட்டுப் போகவில்லை, அதனால் எழுதுகிறேன். எங்களுடையது டெல்டா டேபிள்கள், ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு வெர்ஷனாகக் குறித்து வைப்பவை; கீழே ஃபைல்கள் கிடக்கும் கிளவுட் ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ். காலையில் ஒரு மெர்ஜ், அதாவது புது டேட்டாவைப் பழைய வரிகளோடு பொருத்திச் சேர்க்கும் வேலை, தப்பான கீயோடு ஓடி, வாடிக்கையாளர் முகவரிகள் மாறிப்போயின. யாரும் கவனிக்கவில்லை. ஸ்டோரேஜ் செலவைக் குறைக்கச் சொல்லி மேலே இருந்து நெருக்கடி வேறு. மதியம், டீமுக்குப் புதிதாக வந்த தம்பி ரிடென்ஷன் செக்கை (பழைய ஃபைல்களைச் சீக்கிரம் அழிக்க விடாத தடுப்பு) ஆஃப் பண்ணிவிட்டு, இப்போதைய வெர்ஷனுக்குத் தேவைப்படாத பழைய ஃபைல்களை அழிக்கும் வேக்கூமை 0 மணி நேரத்துக்கு ஓட்டிவிட்டான். பழைய ஃபைல்களை டீஃபால்டாக 7 நாள் வைத்திருப்பது எதற்கு என்று அவனுக்குத் தெரியாது. அவன் தப்புதான்.

இரவில் விஷயம் தெரிந்தபோது நான் பதறவில்லை. பழைய வெர்ஷனுக்குத் திரும்ப ரீஸ்டோர் இருக்கிறதே! டேபிளில் நடந்த மாற்றங்களைப் பட்டியலிடும் டிஸ்கிரைப் ஹிஸ்டரி போட்டேன். வெர்ஷன் 412, ஓடிய நேரம், ஓட்டியவர் பெயர், எல்லாம் சரியாக இருந்தன. ரீஸ்டோர் கொடுத்தேன். ஃபைல் இல்லை என்று எரர். லைனில் ஏழு பேர், ஒருவரும் பேசவில்லை. தம்பியின் மைக் மட்டும் ஆனில் இருந்தது. அவன் மூச்சு வாங்குவது எல்லோருக்கும் கேட்டது.

மூல சிஸ்டத்திலிருந்து திரும்ப ஏற்ற 3 நாள் ஆனது.

பார்டிஷன்12
எங்களுடையது பிக்குவரி, கூகுளின் டேட்டாபேஸ்; எங்கள் பிளானில் ஸ்கேன் ஆகும் அளவுக்குக் காசு. ஆபீஸ் சுவரில் டிவி, அதில் டாஷ்போர்டு, 5 நிமிடத்துக்கு ஒரு ரெஃப்ரெஷ். குவரியின் கடைசியில் லிமிட் 10 இருந்ததால் செலவு ஆகாது என்று நம்பியிருந்தோம். லிமிட் காட்டும் வரிகளைத்தான் குறைக்கும்; எங்கள் டேபிளில் டேட்டாவைப் பிரித்து அடுக்கி வைக்கும் பார்டிஷனும் இல்லை, கிளஸ்டரிங்கும் இல்லை, அதனால் ஒவ்வொரு முறையும் 4 டெராபைட் முழுவதும் ஸ்கேன் ஆனது. புது வரிகள் ஓயாமல் வந்துகொண்டிருந்ததால் முந்தைய விடையையே திரும்பத் தரும் கேஷும் உதவவில்லை. டெராபைட்டுக்கு 6.25 டாலர் என்றால் ஒரு ரெஃப்ரெஷுக்கு 25 டாலர். ஒரு நாளைக்கு 288 ரெஃப்ரெஷ். நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

பொங்கல் லீவு முடிந்து நான்தான் முதலில் கதவைத் திறந்தேன். ஆள் இல்லாத ஹாலில் அந்த டிவி அப்போதுதான் ஒருமுறை ரெஃப்ரெஷ் ஆனது. அந்த வெளிச்சம் இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

பழைய டிபிஏ (டேட்டாபேஸ் அட்மின்)
ராத்திரி ஷிப்ட், "அவன் தப்புதான்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதில் எனக்கு உடன்பாடில்லை. வந்து சில வாரமே ஆன பையனுக்கு, நிஜ டேட்டா ஓடும் புரொடக்‌ஷனில் டெலீட் பண்ணும் உரிமை கொடுத்தது யார்? எனக்கும் 2019இல் இதே போல ஒரு இரவு வந்தது, விரிவாகச் சொல்லத் தெம்பில்லை.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். புரொடக்‌ஷன் பக்கெட்டில் (ஸ்டோரேஜில் ஃபைல்களை வைக்கும் தொகுப்பு) அழிக்கும் உரிமை எந்த மனிதருக்கும் வேண்டாம், தானாக ஜாப் ஓட்டும் ரோலுக்கு மட்டும் போதும். வேக்கூமுக்கு முன்னால் எதையும் அழிக்காத ட்ரை ரன் ஓட்டுங்கள், எந்த ஃபைல்கள் போகப்போகின்றன என்று காட்டிவிடும். ரிடென்ஷன் செக்கை யார் ஆஃப் பண்ணினாலும் அலர்ட் வரட்டும். முக்கியமாக பக்கெட் வெர்ஷனிங், ஃபைலின் பழைய நகல்களையும் வைத்துக்கொள்ளும் வசதி. அமேசானின் ஸ்டோரேஜான எஸ்3இல் அது ஆனில் இருந்தால், சாதாரணமாக டெலீட் செய்த ஃபைல் உடனே அழிந்துவிடாது, மேலே ஒரு டெலீட் மார்க்கர்தான் விழும். அந்த மார்க்கரை எடுத்தால் ஃபைல் திரும்ப வந்துவிடும். செலவு ஏறும் என்பார்கள். பழைய வெர்ஷன்களை 14 நாளில் அழிக்க லைஃப்சைக்கிள் ரூல் போட்டால் கட்டுப்படும். உங்களுக்கு அந்த 3 நாள் மிச்சமாகியிருக்கும்.

பார்டிஷன்12 தம்பி, மேக்ஸிமம் பைட்ஸ் பில்டு (ஒரு குவரிக்குக் காசு கணக்காகும் அளவின் உச்சவரம்பு) செட் பண்ணிவிடு. அளவு தாண்டும் குவரி ஓடாது, காசும் போகாது.

லேக் பார்ப்பவள்
எனக்குக் காஃப்காவில் நடந்தது, அது சிஸ்டங்களுக்கு நடுவே மெசேஜ்களைக் கடத்தும் மென்பொருள். மெசேஜ்களைப் படிக்கும் புரோகிராம் பின்தங்கி கன்ஸ்யூமர் லேக் ஏறுகிறது என்று, அந்த மெசேஜ்கள் வரும் டாபிக்கை 6 பார்டிஷனிலிருந்து (தனித்தனி வரிசைகள்) 24 ஆக்கினேன். எண்ணிக்கை மாறினால் அதே ஆர்டரின் கீ வேறு பார்டிஷனுக்குப் போகும் என்பது அந்த அவசரத்தில் தோன்றவில்லை. பழைய பார்டிஷனில் ஆர்டர் காத்துக்கிடக்க, புதியதில் அதன் கேன்சல் முதலில் வந்து சேர்ந்தது. கேன்சல் ஆன பொருளெல்லாம் வீடுகளுக்குப் போனது. பார்டிஷனைக் கூட்டலாம், குறைக்க முடியாது. பட்டனை அழுத்திய பிறகுதான் அந்த வரியைப் படித்தேன்.

ராத்திரி ஷிப்ட்
டிபிஏ சார், வெர்ஷனிங் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்த பக்கெட்டுக்கு வெர்ஷனிங் வேண்டாம், செலவு என்று டிசைன் பேப்பரில் கையெழுத்துப் போட்டது நான். தம்பிக்கு இது இன்னும் தெரியாது. நாளைக்கு டீ குடிக்கக் கூட்டிப் போய் சொல்லிவிடுகிறேன்.