காலையில் ஹைட்ரஜன் சல்ஃபைடு பூஜ்யம், சேற்றைக் கிளறியதும் 22 பிபிஎம்: தொட்டிக்குள் இறங்கும் பர்மிட் நிற்க மாட்டேன் என்கிறது

இடம் ராணிப்பேட்டை, தோல் பதனிடும் ஆலையின் கழிவுநீர்த் தொட்டி. 40 கன மீட்டர், ஆழம் 4.5 மீட்டர், 600 மி.மீ. மேன்ஹோல் ஒன்றுதான். அடியில் உள்ள அஜிடேட்டர் (கலக்கி) பேரிங்கை ஆள் இறங்கி மாற்ற வேண்டும்.

மூன்று நாளாக ஒரே கதை. காலை 8 மணிக்குத் தொட்டியின் மேல், நடு, அடி மூன்றிலும் குழாய் விட்டு அளந்தால் ஆக்சிஜன் 20.9%, எல்இஎல் (தீப்பிடிக்கும் வாயுவின் அளவு) 0, நச்சு வாயுவான ஹைட்ரஜன் சல்ஃபைடு 0. அடியில் 15 செ.மீ. சேறு. மேலிருந்து கம்பியால் கிளறினால் இரண்டு நிமிடத்தில் 22 பிபிஎம். அலாரம் 10-இல். பர்மிட் ரத்து. தோலைச் சுண்ணாம்பில் ஊறவைக்கும் கட்டத்தில் வரும் சல்ஃபைடு சேற்றுக்குள் அடைந்து கிடக்கிறது. கிளறாமல் எடுத்த அளவு வெறும் கண்துடைப்பு.

செய்து பார்த்தவை: உள்வரும் இரண்டு லைனிலும் பிளைண்ட் (அடைப்புத் தகடு) போட்டாச்சு, அஜிடேட்டர் மோட்டாரை யாரும் ஓட்டாதபடி பூட்டும் எச்சரிக்கை டேக்கும். புளோயர் குழாயை அடியிலிருந்து 30 செ.மீ. வரை இறக்கினோம் (வாயிலேயே தொங்கவிட்டால் காற்று மேலேயே சுற்றித் திரும்பிவிடும்). காஸ்டிக் சோடா ஊற்றி பிஎச் 10-க்கு ஏற்றியதும் 14 பிபிஎம்மாகக் குறைந்தது, போகவில்லை. சேற்றுப் பம்ப் இந்தக் கடைசி 15 செ.மீ.-ஐ இழுப்பதில்லை, ஓரத்தில் கெட்டியாக ஒட்டியிருக்கிறது.

மூச்சுக்கருவி மாட்டி இறக்கலாம் என்ற யோசனை வேண்டாம். அந்த வாயில் சிலிண்டரோடு ஆளைத் தூக்க முடியாது.

ஆள் இறங்காமல், 600 மி.மீ. வாய் வழியாகவே இந்தச் சேற்றை முழுதாக எடுக்க உங்கள் இடத்தில் எது வேலை செய்தது?