வேளாங்கண்ணி பாதயாத்திரை: துண்டறிக்கையில் எந்த வரலாற்றைப் போடலாம், நடையை எப்படித் திட்டமிடலாம்?

கேள்வி: மலைக்கோட்டை இளையோர்

மரியே வாழ்க! திருச்சியிலிருந்து 40 பேர் வேளாங்கண்ணிக்கு நடந்து போகத் திட்டம். ஆகஸ்ட் 29 திருவிழாக் கொடியேற்றத்துக்குப் போய்ச் சேர வேண்டும். பாதிப் பேருக்கு இதுதான் முதல் நடை. கையில் கொடுக்க ஒரு துண்டறிக்கையும் அடிக்கிறோம். ஆனால் கிடைக்கிற வரலாறெல்லாம் ஒன்றோடொன்று முட்டுகிறது. ஒன்றில் மாதா காட்சி தந்த ஆண்டையே போட்டிருக்கிறார்கள். இன்னொன்றில் இப்போதுள்ள கோயிலைப் போர்ச்சுக்கீசியர் கட்டினார்கள் என்று இருக்கிறது. எதை நம்பி அச்சுக்குக் கொடுப்பது? நவநாளை (திருவிழாவுக்கு முன் ஒன்பது நாள் செபம்) 29இலிருந்து எண்ணுவதா 30இலிருந்தா என்று குழுவுக்குள்ளேயே வாக்குவாதம். நடைக்கு என்னென்ன தயார் செய்ய வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.

பதில் 1: பழைய ஏடு

வழிவழியாகச் சொல்லப்படுவதையும் ஆண்டு தெரிந்ததையும் தனித்தனிப் பத்தியாகப் போட்டுவிடுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

வழிவழியாக வருபவை மூன்று. நாகப்பட்டினத்தில் இருந்த முதலாளிக்குப் பால் கொண்டுபோன சிறுவன் குளக்கரை ஆலமரத்தடியில் இளைப்பாறியபோது, ஒரு தாய் தன் குழந்தைக்குப் பால் கேட்டது. கொடுத்த பிறகும் குடம் நிரம்பி வழிந்தது. அந்த இடம்தான் மாதா குளம். அடுத்தது, நடுத்திட்டு என்ற இடத்தில் மோர் விற்ற கால் ஊனமான சிறுவன் மாதா காட்சி கண்டு நடந்தது. அங்கேதான் முதல் கூரைக் கோயில் எழுந்தது. மூன்றாவது, சீனாவின் மக்காவோவிலிருந்து கொழும்புக்குப் போன போர்ச்சுக்கீசியக் கப்பல் புயலில் சிக்கி, மாதா பிறந்தநாளான செப்டம்பர் 8 அன்று கரை சேர்ந்தது. அந்த மாலுமிகள் கூரைக் கோயிலை 24 அடிக்கு 12 அடிக் கட்டடமாக எழுப்பினார்கள் என்பது மரபு. அவர்கள் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும், விவிலியக் காட்சிகள் வரைந்த பீங்கான் தட்டுகளைப் பீடத்தில் இன்றும் பார்க்கலாம்.

இவற்றுக்குத் துல்லியமான ஆண்டு போட்டிருந்தால் அந்தத் துண்டறிக்கையை ஓரமாக வையுங்கள். 16, 17ஆம் நூற்றாண்டு என்பதற்கு மேல் போக வேண்டாம். மாலுமிகள் கதைக்கு மட்டும் ஒரு வரம்பு கட்டலாம். போர்ச்சுக்கீசியர் மக்காவோவில் குடியேறியது 1557. டச்சுக்காரர்களிடம் கொழும்பை இழந்தது 1656, நாகப்பட்டினத்தை இழந்தது 1658. மக்காவோவிலிருந்து கொழும்புக்கு அவர்கள் கப்பல் ஓடியிருந்தால் ஏறத்தாழ அந்த 100 ஆண்டுக்குள்தான் ஓடியிருக்க வேண்டும்.

ஆண்டு தெரிந்தவை: நாகப்பட்டினத்திலிருந்து பிரிந்து தனிப் பங்கு (பாரிஷ்) ஆனது 1771. தஞ்சாவூர் மறைமாவட்டம் உருவானது 1952. அதற்கு முன் மயிலாப்பூரின் கீழ் இருந்தது. 23ஆம் யோவான் திருத்தந்தை பேராலயமாக (பசிலிக்கா) உயர்த்தியது 1962. பலர் தவறுவது இந்தக் கடைசி ஆண்டில்தான். 1962இல் கிடைத்தது தகுதி. கட்டடம் அதற்கு முந்தையது. இரு பக்க இறக்கைகள் சேர்ந்தது 1933இல். பின்பக்க விரிவாக்கம் 1970களில் வந்தது. ஆக, இப்போது கண்ணில் படும் வெள்ளைக் கோபுரக் கோயிலைப் போர்ச்சுக்கீசியர் தலையில் கட்ட முடியாது.

'கீழைநாட்டு லூர்து' என்று போடுவதானால் போடுங்கள். ஆனால் பிரான்சின் லூர்தில் மாதா காட்சி தந்தது 1858. அதற்கு ரொம்ப முன்பே இங்கே கோயில் இருந்தது என்பதையும் ஒரு வரி சேர்த்தால் நல்லது.

பதில் 2: கீழவாசல்

நவநாள் சண்டைக்கு விரலை மடக்கினாலே விடை கிடைக்கும். 29 மாலை கொடியேற்றம். அது நவநாளில் சேராது. ஆகஸ்ட் 30, 31, செப்டம்பர் 1 முதல் 7 வரை, மொத்தம் 9. ஏழாம் தேதி இரவு பெரிய தேர்ப்பவனி. எட்டாம் தேதி காலை ஆயர் தலைமையில் திருவிழாத் திருப்பலி, மாலையில் கொடியிறக்கம். 29இலிருந்து எண்ணினால் ஏழாம் தேதி பத்தாம் நாளாகிவிடும்.

பதில் 3: ரோட்டோரம்

திருச்சியிலிருந்து தஞ்சை, திருவாரூர், நாகை வழியாகச் சுமார் 150 கி.மீ. முதல்முறை நடப்பவர்களை ஒரு நாளைக்கு 30 கி.மீ.க்கு மேல் இழுக்காதீர்கள். 24 விடியற்காலை கிளம்பினால் அன்றிரவு செங்கிப்பட்டி, 25 தஞ்சை, 26 நீடாமங்கலம், 27 திருவாரூர், 28 நாகை. கடைசிப் பத்துப் பன்னிரண்டு கி.மீ.யை 29 காலையில் முடித்து மதியத்துக்குள் உள்ளே போய்விடுங்கள். மாலையில் கொடி ஊர்வலம் கிளம்பிய பிறகு வந்தால் 40 பேரை ஒன்றாக நிறுத்த இடம் கிடைக்காது.

நடக்கும் நேரம் விடியற்காலை 3 முதல் 9:30 வரை, பிறகு மாலை 4 முதல் 8 வரை. வெறுங்கால் நேர்ச்சை உள்ளவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். 10 மணிக்கு மேல் தார் ரோடு பொசுக்கும். உள்ளங்கால் தோல் ஒரே நாளில் வழன்றுவிடும்.

எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி ரோட்டின் வலது ஓரமாக ஒற்றை வரிசையில் போங்கள். இருட்டில் முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் டார்ச்சும், முதுகில் ஒளிர்பட்டையும் வேண்டும். செபமாலை சொல்லிக்கொண்டு போகும்போது வரிசை தானாகவே இரண்டு மூன்றாக அகலும். அதைக் கவனிக்க ஒருவரை வையுங்கள்.

பாதத்தைவிடத் தொடைதான் அதிகம் பேரைப் படுக்க வைக்கும். புதுக் காவி வேட்டியில் கஞ்சி விறைப்பாக இருக்கும், சாயமும் வியர்வையில் இறங்கும். உரசி உரசி இரண்டாம் நாளே தோல் உரிந்து எரியும். இரண்டு முறை அலசிய பிறகே கட்டுங்கள். உள்ளே முழங்கால் வரை பருத்தி டவுசர், கிளம்பும் முன் தொடையிடுக்கில் தேங்காய் எண்ணெயோ வாசலினோ. கொப்புளம் வந்தால் தோலை உரிக்காதீர்கள். தானாக உடைந்தால் சோப்புத் தண்ணீரில் கழுவி, தோலை அப்படியே மேலே விட்டுக் கட்டுப்போடுங்கள். செருப்போடு நடப்பவர்கள் புதுச் செருப்பு வாங்க வேண்டாம், பழகினதே போதும்.

ஓ.ஆர்.எஸ். (உப்புச் சர்க்கரைக் கரைசல்) பொட்டலத்தை அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுசாகக் கரையுங்கள், பெரிய பொட்டலம் என்றால் 1 லிட்டர். பாதிப் பாட்டிலில் கொட்டிக் குடித்தால் தாகமும் வயிற்றுப்போக்கும்தான் கூடும்.

மாதா சொரூபம் (சிலை) வைத்த வண்டி கொண்டுபோனால் அலங்காரத்தையும் கொடியையும் சேர்த்து உயரத்தைக் கட்டுக்குள் வையுங்கள். ஊருக்குள் தாழத் தொங்கும் மின்கம்பியை நிமிர்த்த இரும்புக் கம்பியோ ஈர மூங்கிலோ தூக்குவது உயிருக்கு உலை. அந்த இடத்தில் அலங்காரத்தை இறக்கிவிட்டுப் போங்கள். இன்னொன்று: மேட்டூர் திறந்திருந்தால் ஆகஸ்டில் டெல்டா ஆறுகளும் வாய்க்கால்களும் கரை முட்ட ஓடும். குளிக்க அடிபம்பு, குழாய் போதும்.

மலைக்கோட்டை இளையோர்

ரொம்ப நன்றி. நடுத்திட்டு வரை முழங்காலில் போக ஐந்தாறு பேர் நேர்ந்திருக்கிறார்கள். 150 கி.மீ. நடந்த கையோடு அதையும் செய்யலாமா? காணிக்கை பற்றியும் அறிக்கையில் ஒரு பத்தி வேண்டும்.

பதில் 4: பழைய ஏடு

அன்றே வேண்டாம். ஓர் இரவு தூங்கி, மறுநாள் வெளுக்கும் முன் தொடங்கச் சொல்லுங்கள். பேராலயத்திலிருந்து நடுத்திட்டில் உள்ள பழைய மாதா கோயில் வரை மணற்பாதை. வெயில் ஏறினால் மணல் சுடும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு முழங்காலில் புண் வந்தால் ஆற நாளாகும்; அவர்கள் அந்தப் பாதையை நடந்தே போகலாம். நேர்ச்சையை மாற்றித்தரும்படி பங்குச் சாமியாரிடம் கேட்கலாம், திருச்சபைச் சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது.

காணிக்கையில் முடி, மெழுகுவர்த்தி, தென்னங்கன்று, மாதாவுக்குச் சேலை, குணமான உறுப்பின் வடிவத்தில் வெள்ளியிலோ தகட்டிலோ செய்த உருவம் எல்லாம் வழக்கத்தில் உள்ளவை. பலன் கண்டவர்கள் கொடுத்த பொருட்களுக்குத் தனிக் காட்சிக்கூடமே இருக்கிறது, குழுவை அங்கே கூட்டிப்போங்கள். இதையெல்லாம் செய்வோரில் இந்துக்களும் நிறையப் பேர் என்பதை அறிக்கையில் சொல்லத் தயங்க வேண்டாம். 2024 ஆகஸ்டில் வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுத் துறை தஞ்சை ஆயருக்கு எழுதிய கடிதமும் பிற சமயத்தார் அங்கே ஆறுதல் தேடி வருவதை மதிப்போடு குறிப்பிடுகிறது. ஆனால் 'காட்சியை வத்திக்கான் அங்கீகரித்துவிட்டது' என்று தலைப்புப் போட்டுவிடாதீர்கள். கடிதம் பாராட்டுவது திருத்தலத்துக்கு வரும் மக்களின் விசுவாசத்தை. அது காட்சி பற்றிய தீர்ப்பு இல்லை.

பதில் 5: ரோட்டோரம்

முடி எடுப்பவர்களுக்கு ஒன்று விட்டுப்போச்சு. பிளேடு புதுசா என்று கண்ணால் பார்த்த பிறகே உட்காரச் சொல்லுங்கள். கடலில் முழுகுவதானால் இடுப்பளவுக்கு மேல் போக வேண்டாம். நாட்கணக்கில் நடந்து ஓய்ந்த காலுக்கு அலை இழுப்பில் நிற்கத் தெம்பு இருக்காது. போலீஸ் கயிறு கட்டியிருந்தால் குழாயடியிலேயே குளித்துவிட்டு வாருங்கள்.