மறு: புரொப்பெல்லரில் காற்றும் ஆவியும் – ஒரே சொல் போதாது

அன்புள்ள குழுவினருக்கு,

படகு இயந்திரக் கையேட்டின் பழுதறியும் அத்தியாயத்துக்கு மட்டக்களப்பு அண்ணா அனுப்பிய சொற்பட்டியலைப் படித்தேன். பெரும்பாலானவை அப்படியே அச்சேறலாம். ஒன்றை மட்டும் விட்டுவிட மனம் ஒப்பவில்லை.

> குழிவாதல்: புரொப்பெல்லரைச் சுற்றிக் குமிழிகள் உண்டாகி உந்துவிசை குறைதல். காற்று புகுந்தாலும் நீர் ஆவியானாலும் இச்சொல்லே போதும்.

போதாது அண்ணா. கொழும்பு முகத்துவாரத்தில் அண்மையில் நடந்ததைச் சொல்கிறேன். ஒருவர் தமது கண்ணாடியிழைப் படகின் பழைய வெளியிணைப்பு இயந்திரத்தைக் கழற்றிவிட்டு, அதே 25 குதிரைவலுவில் வேறொன்றைப் பொருத்தினார். களனி ஆற்று முகத்தில் ஒழுங்காக ஓடிய படகு, வெளிக்கடலில் அலையேறும்போதும் வளைக்கும்போதும் மக்கர் செய்தது. இயந்திரம் அலறும், சுற்று ஏறும், வேகம் மட்டும் ஏறாது. விற்ற இடத்தில் கொடுத்த தாளில் “குழிவாதல் ஏற்பட்டால் புரொப்பெல்லரை மாற்றுக” என்று இருந்ததாம். கடன்பட்டுப் புதிது வாங்கி மாட்டினார். பலன் இல்லை.

படகைக் கரையேற்றி, அடிப்பகுதியோடு ஒட்டி ஓர் இரும்பு அளவுகோலைப் பின்னோக்கி நீட்டிப் பார்த்தோம். புரொப்பெல்லருக்கு மேலே கிடையாக இருக்கும் தகடு அந்தக் கோலுக்கு மூன்று விரற்கடை உயரத்தில் நின்றது. இத்தகைய படகில் அது அடிமட்டத்துக்கு நேராகவோ, ஓர் அங்குலம் வரை கீழேயோ இருக்க வேண்டும். பழைய இயந்திரத்தின் தண்டு சற்று நீளமானது என்பதால் பின்பலகையின் மேல் ஒரு மரக்கட்டை அடித்திருந்தார்கள். இயந்திரம் மாறியது, கட்டை மாறவில்லை. கட்டையை எடுத்து இயந்திரத்தை இறக்கியதும், கழற்றி வைத்திருந்த முதல் புரொப்பெல்லரிலேயே படகு சரியாக ஓடியது.

அந்தத் தாளில் சரியான சொல் இருந்திருந்தால் அந்த மனிதருக்கு வீண்செலவு வந்திராது. இரண்டு நோய்க்கு ஒரே பெயர் வைத்தால் மருந்தும் மாறித்தான் போகும்.

அங்கே நடந்தது இதுதான்: நீர்மட்டத்துக்கு மேலிருந்த காற்று கீழே இழுக்கப்பட்டுப் புரொப்பெல்லரின் அலகுகளைச் சூழ்ந்துகொண்டது. சில வேளை இயந்திரத்தின் புகையும் இப்படிப் புகும். அலகுக்குப் பிடிக்க நீர் இல்லாததால் அது வெறுமனே சுழல்கிறது. மற்றது, அதாவது நீர் ஆவியாவது, முற்றிலும் வேறு. அலகின் முன்பக்கத்தில் அமுக்கம் மிகவும் தாழ்ந்து, நீர் இருந்த இடத்திலேயே கொதித்து ஆவிக்குமிழாகிறது. நம் கடல்நீரின் சூட்டில், வளிமண்டல அமுக்கத்தின் ஏறத்தாழ 25இல் ஒரு பங்குக்கு இறங்கினாலே இது நடக்கும். வெளிக்காற்று இதற்குத் தேவையே இல்லை. அந்தக் குமிழிகள் அமுக்கம் கூடிய இடத்துக்கு வந்து உடையும்போது உலோகத்தையே கொத்தி எடுக்கின்றன.

பொறியியலாளர் சார்ள்ஸ் பார்சன்ஸ் 1894இல் ‘டர்பினியா’ என்ற நீராவி விசையாழிக் கப்பலை வெள்ளோட்டம் விட்டபோது விசையாழியில் வலு இருந்தும் கப்பல் எதிர்பார்த்த வேகத்தைத் தொடவில்லை. காரணம் இந்த ஆவிக்குமிழிகள்தாம். அதை ஆராயவே சிறிய நீர்த்தொட்டி ஒன்றைச் செய்து குமிழிகளைக் கண்ணால் பார்த்தார். பிறகு மூன்று தண்டுகளில் ஒன்பது புரொப்பெல்லர்களைப் பொருத்தி, 1897இல் பிரித்தானியக் கடற்படை அணிவகுப்பில் எல்லாரையும் முந்தினார். அவருக்குப் புரொப்பெல்லர் மாற்றம் மருந்தாயிற்று. முகத்துவாரத்துக்காரருக்கு வேண்டியிருந்ததோ கட்டையைக் கழற்றுவது.

‘குழிவாதல்’ என்ற சொல்லிலும் எனக்குக் குறை உண்டு. குழிவாடி, குழிவு வில்லை என்று படித்து வந்த நம் பிள்ளைகளுக்கு அது வளைந்த வடிவத்தையே நினைவூட்டும். காற்று புகுவதற்குச் சென்னை ஐயா தந்த ‘காற்றோட்டம்’ இன்னும் சிக்கல். அது வீட்டுக்கு நல்லது, புரொப்பெல்லருக்குக் கேடு. ‘காற்று வாங்கல்’ என்று இன்னொருவர் எழுதியிருந்தார். கொழும்பில் அந்தச் சொல்லைக் கேட்டவர் கடற்கரையிலுள்ள காலிமுகத்திடலுக்குத்தான் கிளம்புவார்.

எங்கள் பட்டறைக்கு வருகிறவர்கள் “காற்று இழுக்கிறது” என்கிறார்கள். ஆகவே முதல் நோய்க்குக் காற்றிழுப்பு, இரண்டாவதற்கு ஆவிக்குமிழ்ப்பு, அதனால் உலோகத்தில் விழும் சொறிக்குக் குமிழரிப்பு என்று வைக்கலாம். மேலே சொன்ன தகட்டை ஆங்கிலத்தில் பலர் ஆவிக்குமிழைத் தடுப்பது என்றே பெயரிட்டு அழைக்கிறார்கள், ஆனால் அது தடுப்பது காற்றை. அந்தப் பிழையை நாமும் சுமக்க வேண்டியதில்லை. காற்றுத்தடைத் தகடு என்போம்.

இயந்திரம் மாற்றிய படகுகளில் இதற்கு நேர்மாறான கோளாறும் வரும். முழு விசை கொடுத்தும் சுற்று ஏறாது. நிமிடத்துக்கு 5,000 முதல் 6,000 சுற்று வரை போக வேண்டிய இயந்திரம் 4,300இலேயே நின்றுவிடும். புதிய இயந்திரத்தின் கியர் விகிதம் வேறாக இருக்க, பழைய புரொப்பெல்லரையே மாட்டியிருப்பார்கள். புரியிடைத்தூரத்தை, அதாவது ஒரு சுற்றில் புரொப்பெல்லர் நழுவாமல் முன்னேறக்கூடிய தூரத்தை, ஓர் அங்குலம் குறைத்தால் சுற்று 150 முதல் 200 வரை கூடும். திருகுக் கணிச்சி படித்தவருக்குப் புரியிடைத்தூரம் புதுச்சொல் அன்று. இந்தக் கோளாறுக்குத் ‘திணறல்’ என்ற வழக்குச் சொல்லே போதும். ஆனால் எரிபொருள் குழாயில் காற்று கசிந்தாலும் இயந்திரம் திணறும். ஓடும்போது அந்தக் குழாயிலுள்ள கைப்பம்பை அழுத்திப் பார்க்க வேண்டும். சுற்று உடனே ஏறினால் குறை எரிபொருள் வழியில். ஆகவே ‘சுமைத்திணறல்’, ‘எரிபொருள் திணறல்’ என்று பிரித்து எழுதலாமா?

இன்னொன்றும் தீர வேண்டியிருக்கிறது. புரொப்பெல்லரின் நடுவிலுள்ள ரப்பர் பிடி விட்டாலும் சுற்று ஏறிப் படகு நகராது; காற்றிழுப்பு என்றே தோன்றும். தண்டில் மாட்டும் நடுக்குடத்தில் ஆரம்பித்து வெளி உருளை வரை ஒரே நேராகக் கோடு கீறி, சுமையோடு ஓட்டிவிட்டுப் பார்த்தால், கோடு முறிந்து விலகியிருப்பது காட்டிக்கொடுக்கும். பட்டியலில் இதற்கு ‘நழுவல்’ என்று இருக்கிறது. ஆனால் நல்ல புரொப்பெல்லரும் நீரில் ஓரளவு நழுவியே முன்னேறும், அதற்கும் நாம் நழுவல் என்றே எழுதியிருக்கிறோம். ரப்பருக்கு ‘பிடிவிடல்’ என்று வைக்க விரும்புகிறேன். பேசாலையிலும் மயிலிட்டியிலும் இராமேசுவரத்திலும் கடற்றொழிலாளர் இதற்கு வேறு சொல் வைத்திருந்தால், அங்குள்ளவர்கள் கேட்டு எழுதுங்கள். அவர்கள் சொல்லுக்கே முதலிடம் கொடுப்போம்.

அன்புடன்,
கொழும்பு 15இலிருந்து