மறு: மேட்டுக்குடியாக்கமா, மேட்டுக்குடியேற்றமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

எளியவர்கள் வாழும் பகுதிக்குள் வசதியானவர்கள் வந்து, பழையவர்கள் வெளியேற நேர்வதை ஆங்கிலத்தில் ஜென்ட்ரிஃபிகேஷன் என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் என்று இங்கே மூன்று நாளாக நடக்கும் பேச்சை முழுக்கப் படித்தேன். நகரப் புதுப்பிப்பு, கனவான்மயமாதல், மேட்டுக்குடியாக்கம் என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றுமே எனக்கு ஒப்பவில்லை.

இந்த ஆங்கிலச் சொல் பிறந்தது லண்டனில். சமூகவியலாளர் ரூத் கிளாஸ் 1964இல் எழுதினார்: தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்த பகுதிகளுக்குள் நடுத்தர வர்க்கத்தார் நுழைகிறார்கள், கீழே இரண்டு அறை, மேலே இரண்டு அறை என்றிருந்த எளிய வீடுகள் குத்தகை முடிந்ததும் கைமாறி, விலைமிக்க இல்லங்களாகின்றன, பழைய குடிகள் பெரும்பாலோர் வெளியேற்றப்படும்வரை இது நிற்பதில்லை. ஆக, ஒருவர் வருவதும் இன்னொருவர் போவதும் ஒரே நிகழ்வு. தமிழ்ச் சொல்லிலும் அது தெரிய வேண்டும்.

லண்டனின் இஸ்லிங்டனில் பார்ன்ஸ்பரி என்ற பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய பழைய வீடுகளில் மாடிக்கு ஒரு குடும்பம், சிலவற்றில் அறைக்கு ஒரு குடும்பம் என்று வாடகைக்கு இருந்தார்கள். 1957ஆம் ஆண்டின் வாடகைச் சட்டப்படி, குடியிருப்பவர் காலி செய்துவிட்டால் வாடகைக் கட்டுப்பாடும் போய்விடும். அப்புறம் என்ன, ஆளைக் காலி செய்ய வைப்பதே லாபம். கையில் கொஞ்சம் பணம் கொடுத்தோ தொல்லை கொடுத்தோ வெளியேற்றினார்கள். லண்டனில் இதற்கு ‘விங்கிளிங்’ என்று பெயர். விங்கிள் என்பது சிறிய கடல்நத்தை. வேகவைத்து, ஓட்டுக்குள்ளிருந்து சதையை ஊசியால் குத்தி இழுப்பார்கள். அதை ‘நோண்டியெடுப்பு’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்பேன். கேட்டதும் வலிக்கிறது, வலிக்கத்தான் வேண்டும்.

சரி, முன்மொழிவுகளுக்கு வருகிறேன். ‘நகரப் புதுப்பிப்பு’ கட்டடத்தை மட்டும் பார்க்கும் சொல். அதே லண்டனில் எலிஃபன்ட் அண்ட் காசில் பகுதியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் கொண்ட ஹெய்கேட் குடியிருப்பு 2011க்கும் 2014க்கும் இடையில் இடிக்கப்பட்டபோது, உள்ளூராட்சித் தரப்பு சொன்னதும் கிட்டத்தட்ட இதே சொல்தான். ஆய்வாளர் எதைக் கேள்வி கேட்கிறாரோ அதையே அவர் வாயில் திணிப்பது நியாயமில்லை. ‘கனவான்மயமாதல்’ நேர் பெயர்ப்பு. தெருவில் யாருக்கும் ஒட்டாது.

‘மேட்டுக்குடியாக்கம்’ பக்கத்தில் வருகிறது. ஆனால் ‘ஆக்கம்’ இடறுகிறது. அங்கிருந்த ஏழைகளே மேட்டுக்குடி ஆனார்கள் என்று படித்துவிட இடமுண்டு. நடந்தது நேர் எதிர். அதனால் என் பரிந்துரை: மேட்டுக்குடியேற்றம். ‘குடியேற்றம்’ நம் எல்லோர் வாயிலும் இருக்கும் சொல். யாரோ வெளியிலிருந்து வருகிறார்கள் என்பதை அது சொல்லிவிடுகிறது. வினையாகவும் ஓடும்: “பார்ன்ஸ்பரி 1960களில் மேட்டுக்குடியேற்றம் கண்டது”, “மேட்டுக்குடியேறிய தெருக்கள்”.

முதலில் வருபவர்கள் ஆசிரியர்களும் கலைஞர்களும்தானே, அவர்கள் எப்படி மேட்டுக்குடி என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. ஜென்ட்ரிஃபிகேஷனில் இருக்கும் ஜென்ட்ரி என்பதும் நிலவுடைமைக் குடியைக் குறித்த சொல்தான். லண்டனின் அந்தப் பகுதிகளுக்கு வந்த நடுத்தர வர்க்கத்தார் அப்படிப்பட்டவர்கள் அல்லர். போகிறவர் கண்ணுக்கு வருகிறவர் எப்படித் தெரிகிறார் என்பதிலிருந்து பிறந்த பெயராகவே அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

போகிறவர் பக்கம் நடப்பதற்கு நான் சொல்வது ‘குடிபெயர்ப்பு’. குடிபெயர்வு தானாகப் போவது. குடிபெயர்ப்பு பிறர் போக வைப்பது. மொழிபெயர்ப்பில் இருக்கும் அதே ‘பெயர்ப்பு’. ‘வு’ போய் ‘ப்பு’ வந்ததும் பொருள் திரும்பிவிடுகிறது, இதைவிட வேறென்ன வேண்டும்?

அடுத்து, ‘ரென்ட் கேப்’. புவியியலாளர் நீல் ஸ்மித் 1979இல் முன்வைத்த கருத்து இது. ஒரு மனை இன்றைய பயன்பாட்டில் ஈட்டுவதற்கும், வேறு பயன்பாட்டில் ஈட்டக்கூடியதற்கும் இடையே பள்ளம் அகலமானால் முதலீடு அங்கே பாய்கிறது. நகரத்துக்குத் திரும்புவது மனிதர்களைவிட மூலதனம்தான் என்பது அவர் வாதம். இதை ‘வாடகை இடைவெளி’ என்றால் வீட்டு வாடகை என்று மாணவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அவர் பேசுவது நிலத்தின் வாடகையை. கோயில் நிலத்தில் சொந்தமாக வீடு கட்டியிருப்பவர் நிலத்துக்கு மட்டும் கட்டுவதை அடிமனை வாடகை என்கிறோமே, அது கையிலேயே இருக்கிறது. ‘அடிமனை இடைவெளி’ போதும்.

புவியியலாளர் லொரெட்டா லீஸ் ஆராய்ந்த ‘சூப்பர் ஜென்ட்ரிஃபிகேஷன்’ வகைக்கு மட்டும் தயக்கம். ஏற்கெனவே மேட்டுக்குடியேறிய, நியூயார்க்கின் ப்ரூக்ளின் ஹைட்ஸில் நிதித்துறைப் பணம் வந்து, முன்னர் வந்தவர்களையும் மிஞ்சும் கதை அது. ‘மீமேட்டுக்குடியேற்றம்’ வாயில் நுழையவில்லை. ‘இரண்டாம் மேட்டுக்குடியேற்றம்’ என்று எழுதிப் பார்த்தேன். நடந்ததை அப்படியே சொல்கிறது.

ஒரு வேண்டுகோள். சென்னையில் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய் விடப்பட்ட கூவம் கரைக் குடும்பங்களுக்கும் இதே சொல்லை நீட்ட வேண்டாம். அங்கே அரசே முன்னின்று வீட்டை இடித்தது. வசதியானவர் வந்து வாடகை ஏறியதால் நடந்ததல்ல. அது குடிபெயர்ப்பு, மேட்டுக்குடியேற்றம் அன்று. இரண்டையும் ஒரே பெயரில் போட்டால் யார் செய்தார்கள் என்பது மறைந்துவிடும்.

இலங்கை அன்பர்களிடம் ஒன்று கேட்க வேண்டும்: ‘அடிமனை’ உங்கள் பக்கம் வழங்குகிறதா? இல்லையென்றால் நிலத்துக்கு மட்டும் கொடுக்கும் வாடகையை என்னவென்று சொல்வீர்கள்?