சமாரியா பள்ளத்தாக்கு: கிரேக்க நாட்டின் கிரீட் தீவில் இளசுகள் சிக்கிக்கொள்ளும் இடங்கள்

(இணையப் பயண இழை ஒன்றில் மலைநடை, கடற்கரைவாசி, சக்கரம் என்ற பெயர்களில் மூவர் எழுதியது.)

மலைநடை:
சமாரியா பள்ளத்தாக்கு நடை என்றாலே 16 கிலோமீட்டர் என்று பயமுறுத்துவார்கள். தூரம் ஒரு பிரச்சினையே இல்லை, இறக்கம்தான். நடை முடியும் கடற்கரை ஊரான அயியா ரூமெலியின் படகுத்துறையில் ஒரு பையன் ஷூவைக் கழற்றினான். இரண்டு பெருவிரல் நகமும் கறுத்திருந்தது. படகு கிளம்புகிறது, அவனால் ஓட முடியவில்லை. அந்த ஊருக்குச் சாலை கிடையாது. மாலைப் படகை விட்டால் ராத்தங்கல்தான்.

நடை தொடங்கும் க்சிலோஸ்கலோ வாசல் 1,200 மீட்டர் உயரத்துக்கு மேல், முடிவது கடற்கரையில். அந்த இறக்கத்தில் பெரும்பகுதி முதல் சில கிலோமீட்டரிலேயே வந்துவிடும். பாதம் முன்னால் சறுக்கி நகம் ஷூவில் இடித்துக்கொண்டே இருக்கும். இரண்டு நாள் முன்பே நகம் வெட்டுங்கள். ஷூ கயிறு கணுக்கால் பக்கம் இறுக்கமாக, விரல் பக்கம் தளர்வாக இருக்கட்டும்.

கடற்கரைவாசி:
தூரம் பிரச்சினை இல்லையாம்! பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா, அதன் கீழ்வாசல் வரை 13 கிலோமீட்டர்தான். மிச்சம் 3 கிலோமீட்டர் நிழலில்லாத வெயில், ஆட்கள் சுருண்டு விழுவது அங்கேதான்.

நுழைவுச் சீட்டைக் கசக்கி எறியாதீர்கள். கீழ்வாசலில் ஒரு ஜோடி பையையே தரையில் கொட்டித் தேடியது இன்னும் கண்ணில் நிற்கிறது. இரவில் யாரும் உள்ளே மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் அங்கே சீட்டைப் பார்க்கிறார்கள். தண்ணீர் நாலு லிட்டர் சுமக்க வேண்டாம், முட்டிதான் போகும். ஒரு லிட்டர் பாட்டில் போதும், வழியில் ஊற்றுக் குழாய்கள் உண்டு. காணும் இடத்திலெல்லாம் நிரப்பிக்கொள்ளுங்கள்.

சக்கரம்:
நடை பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. தீவின் வடமேற்கு மூலையில் இருக்கும் பாலோஸ் கடற்கரையின் வாகன நிறுத்தத்தில் டயர் கிழிந்த வாடகைக் காரைச் சுற்றி நாலு பேர் நின்றதுதான் உறுத்துகிறது. கலிவியானி கிராமத்துக்கு அப்பால் அங்கே போகும் வழி மண்சாலை. பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்களில் மண்சாலைக்கும், டயருக்கும், வண்டியின் அடிப்பகுதிக்கும் காப்பீடு செல்லாது. கையெழுத்துப் போடும் முன் அந்த வரியைப் படியுங்கள். பாலோஸ்தான் வேண்டுமென்றால் கிஸ்ஸமோஸ் துறைமுகத்திலிருந்து படகு போகிறது, கிராம்வூசா தீவையும் சேர்த்துப் பார்க்கலாம்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும்: இந்திய ஓட்டுநர் உரிமம் மட்டும் போதாது. ஊரில் ஆர்டிஓ அலுவலகத்தில் பன்னாட்டு அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள், அங்கே போய் வாங்க முடியாது. கடைக்காரர் கேட்காமலே சாவியைத் தரலாம். விபத்து என்றால் காப்பீட்டு நிறுவனம் கட்டாயம் கேட்கும். நாலு சக்கர பைக்கை ஸ்கூட்டர் மாதிரி நினைக்கிறார்கள். வளைவில் உடலைச் சாய்த்தால் அது கூடச் சாயாது, வேகமாகத் திருப்பினால் கவிழும். ஹெல்மெட் கட்டாயம்.

மலைநடை:
சக்கரம் அண்ணே, இது சமாரியா இழை! கடற்கரைவாசி சொன்ன 3 கிலோமீட்டர் சரி, ஒப்புக்கொள்கிறேன்.

முட்டி வலி உள்ளவர்கள் மேலிருந்து இறங்கவே வேண்டாம். காலைப் படகில் அயியா ரூமெலி போய், கீழிருந்து 'இரும்புக் கதவு' வரை ஏறித் திரும்பலாம். பாறைகள் நெருங்கி நாலு மீட்டர் கூட விடாத அந்த இடம்தான் எல்லாப் படங்களிலும் வருவது. மே முதல் அக்டோபர் வரைதான் திறப்பு. மழையோ கடும் வெயிலோ என்றால் சீசனிலும் மூடுவார்கள், முதல் நாள் மாலையே விசாரியுங்கள்.

திரும்பும்போது படகுச் சீட்டு வேறு, பஸ் சீட்டு வேறு. காரை மேலே, தொடக்க வாசல் பக்கம் ஒமலோஸில் விட்டவர்கள் சூயா என்ற கடற்கரை ஊருக்குப் போகும் படகில் ஏறுங்கள். அங்கிருந்துதான் ஒமலோஸ் வழியாக பஸ் இருக்கிறது. ஹோரா ஸ்ஃபாகியோன் என்ற இன்னொரு கடற்கரை ஊருக்குப் போகும் படகு, ஹானியா நகரத்துக்குத் திரும்புகிறவர்களுக்கு.