கம்யூனிட்டி காலேஜ் வழியா யூசி கம்ப்யூட்டர் சயின்ஸ்: முதல் வருஷத்தைக் கோட்டை விட்டுடாதீங்க

கேள்வி: போன மாசம் கோயம்புத்தூர்ல இருந்து ஃப்ரீமாண்ட் வந்தோம். கணவருக்கு எச்1பி வேலை விசா, எனக்கும் பொண்ணுக்கும் அவரைச் சார்ந்து வர்ற எச்4 விசா. பொண்ணு ப்ளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப், 571 மார்க். நேரா யுனிவர்சிட்டிக்கு அப்ளை பண்ற நேரம் தாண்டிடுச்சு. கம்யூனிட்டி காலேஜ்ல ரெண்டு வருஷம் படிச்சுட்டு யூசிக்கு (யுனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) மாறிக்கலாம்னு சொல்றாங்க. கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்குமா? எங்கே ஆரம்பிக்கிறது?

பதில்: அக்கா, நானும் ப்ளஸ் டூ முடிச்ச கையோட எச்4ல வந்தவதான். இதே வழியிலதான் யூசியில கம்ப்யூட்டர் சயின்ஸ் முடிச்சேன். எனக்கு அப்போ யாராவது சொல்லியிருக்கணும்னு நினைச்சதை எல்லாம் சொல்றேன்.

முதல்ல, அந்த 571 மார்க். அவ உழைச்சு வாங்கினது, பெருமைதான். ஆனா டிரான்ஸ்ஃபர்ல யூசி பார்க்கிறது காலேஜ்ல வாங்குற கிரேடைத்தான். எஸ்ஏடி நுழைவுத் தேர்வும் கிடையாது. அவளுக்கு இங்கே ஒரு புது நோட்டுப் புத்தகம் கிடைச்சிருக்கு, முதல் பக்கத்துல இருந்தே எழுதுறது எல்லாம் கணக்குல வரும்.

ரெண்டு வருஷம் இருக்குன்னு எல்லாரும் சொல்லுவாங்க. கொஞ்சம் எண்ணிப் பாருங்க. யூசி அப்ளிகேஷனை ரெண்டாம் வருஷம் அக்டோபர், நவம்பர்லயே அனுப்பணும். அன்னிக்குக் கையில இருக்கிறது முதல் வருஷ கிரேடும், இடையில எடுத்திருந்தா சம்மர் கிரேடும் மட்டும்தான். ரெண்டாம் வருஷ முதல் செமஸ்டர் கிரேடை ஜனவரியில தனியா அப்டேட் பண்ணுவோம். "முதல் வருஷம் ஊர் பழகட்டும், லேசான பாடமா எடுக்கட்டும்"னு சொந்தக்காரங்க சொன்னா தயவுசெஞ்சு கேக்காதீங்க. என் தோழி ஒருத்தி அப்படித்தான் ஒரு வருஷத்தை இழந்தா.

அதுலயும் கணக்குதான் உயிர்நாடி. கால்குலஸ் ஒண்ணு, ரெண்டு, மல்டிவேரியபிள், லீனியர் அல்ஜீப்ரா, டிஸ்கிரீட் மேத்ஸ்னு பெரும்பாலான பாடத்துக்கு முன்னாடி இன்னொண்ணை முடிச்சிருந்தாத்தான் எடுக்க விடுவாங்க. பயந்துபோய் ப்ரீகால்குலஸ்ல உக்காந்தா அந்த வரிசை முழுக்க ஒரு செமஸ்டர் பின்னாடி தள்ளிப்போகும். நம்ம ப்ளஸ் டூ கணக்குல வகையிடலும் தொகையிடலும் படிச்ச பிள்ளைக்கு ப்ரீகால்குலஸ் தேவையில்லை. மார்க் ஷீட்டைக் கையில வெச்சுக்கிட்டு, நேரா கால்குலஸ்ல போடச் சொல்லிக் கேளுங்க. முதல் செமஸ்டர்லயே கால்குலஸ், ஒரு புரோகிராமிங் பாடம், இங்கிலீஷ் கம்போசிஷன் மூணும் இருக்கணும். இங்கிலீஷைத் தள்ளிப் போடாதீங்க. யூசிக்கு ரெண்டு கம்போசிஷன் பாடம் கட்டாயம். மனப்பாடமா எழுதிப் பழகின நமக்கு, சொந்தமா வாதம் வெச்சுக் கட்டுரை எழுத வர்றதுக்கு நாள் ஆகும்.

இப்போ முக்கியமான விஷயம், அசிஸ்ட் டாட் ஆர்க் வெப்சைட். கலிஃபோர்னியாவுல 116 கம்யூனிட்டி காலேஜ் இருக்கு. எந்தக் காலேஜோட எந்தப் பாடம், எந்த யூசி வளாகத்துல எதுக்குச் சமம்னு அதிகாரப்பூர்வமா சொல்ற இடம் அது ஒண்ணுதான். காலேஜ், வளாகம், மேஜர் (பட்டத்துக்கு எடுக்கிற முக்கியப் பாடம்) மூணையும் குடுத்தா, எந்தெந்தப் பாடம் எடுக்கணும்னு சொல்ற ஒரு ஒப்பந்தம் வரும். பெர்க்லி கேக்குறதும் டேவிஸ் கேக்குறதும் ஒண்ணா இருக்காது. ஒரு வளாகம் சி++ல டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் கேக்கும், இன்னொண்ணு ஜாவாவையும் ஏத்துக்கும். "சமமான பாடம் இல்லை"ன்னு வந்தா உங்க காலேஜ்ல அதுக்குச் சமமா ஏத்துக்கிட்ட பாடம் இல்லைன்னு அர்த்தம். பக்கத்துக் காலேஜ்ல எடுத்துக்கலாம், அதுக்குத் தடை இல்லை. ஆனா ரெண்டு மூணு பாடம் தொடரா இருந்தா, தொடர் முழுசையும் ஒரே காலேஜ்ல முடிக்கிறதுதான் பாதுகாப்பு.

எனக்கு நடந்ததைச் சொல்றேன். என் கவுன்சிலர், பைத்தான்ல எடுத்த டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் எல்லா வளாகத்துக்கும் போதும்னாங்க. நான் அசிஸ்ட்டைத் திறந்துகூடப் பார்க்கலை. அப்ளிகேஷன் போடுற மாசத்துலதான் நான் ரொம்ப ஆசைப்பட்ட வளாகம் சி++ பாடம் கேக்குதுன்னு தெரிஞ்சுது. அந்த இடம் போயிடுச்சு. அவங்க நல்லவங்கதான், ஆனா ஒருத்தர் எத்தனையோ மேஜர் பார்க்கணும். கவுன்சிலர்கிட்ட கட்டாயம் போங்க, ஆனா ஒப்பந்தத்தைப் பிரிண்ட் எடுத்துட்டுப் போங்க.

நம்ம ஊர்ப் பழக்கம் ஒண்ணு இங்கே கைகொடுக்காது. அரியர், இம்ப்ரூவ்மென்ட் எல்லாம் எழுதித் தேத்திக்கலாம்னு இருக்கக் கூடாது. சி வாங்கிட்டா அந்தப் பாடத்தை மறுபடி எடுக்க விடமாட்டாங்க, அந்த சி அப்படியே நிக்கும். டி, எஃப் வாங்கினாத்தான் திரும்ப எடுக்கலாம். ஒரு பாடம் கையை மீறிப் போகுதுன்னா கடைசித் தேதிக்குள்ள டிராப் பண்ணி டபிள்யூ (பாதியில விலகினதுன்னு ஒரு குறிப்பு) வாங்கிக்கிறது மேல். டபிள்யூ, கிரேடுகளோட சராசரியான ஜிபிஏவுல சேராது. யூசி கேக்குற குறைந்தபட்ச ஜிபிஏ இங்கே குடியிருக்கிறவங்களுக்கு 2.4தான், ஆனா கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு அதை நம்பி உக்காரவே கூடாது. கணக்கும் புரோகிராமிங்கும் ஏ ஆகவே இருக்கணும்னு மனசுல வெச்சுக்கச் சொல்லுங்க.

டேக் (டிரான்ஸ்ஃபர் அட்மிஷன் கேரண்டி) பத்தியும் கேள்விப்படுவீங்க. டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா குரூஸ்னு ஆறு யூசி வளாகத்துல ஏதாவது ஒண்ணுல இடம் உறுதின்னு முன்கூட்டியே வாங்கிக்கிற ஏற்பாடு. செப்டம்பர்ல அப்ளை பண்ணணும். பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியேகோ இதுல இல்லை. ஆறுலயும் எல்லா மேஜருக்கும் கிடைக்காது. கூட்டம் அதிகமான மேஜரைப் பல வளாகங்கள் ஒதுக்கி வெச்சிருக்கு, அந்தந்த வருஷப் பட்டியலைப் பார்த்துட்டு நம்புங்க. அப்புறம், "வேற மேஜர்ல உள்ள போயிட்டு அங்கே மாறிக்கலாம்"னு யாராவது சொன்னா வேண்டாம். நிறைய வளாகங்கள்ல அந்தக் கதவைச் சாத்திட்டாங்க. டேட்டா சயின்ஸ், ஸ்டாடிஸ்டிக்ஸ், மேத்ஸ் மாதிரி அவ மனசார படிக்கக்கூடியதா இருந்தா மட்டும் இன்னொரு வளாகத்துக்குப் போடுங்க. யூசி இல்லாத சான் ஹோசே ஸ்டேட் யுனிவர்சிட்டியையும் பட்டியல்ல வையுங்க.

வகுப்பு நிறைஞ்சு வெயிட்லிஸ்ட்னு வந்தா மனசை விட வேண்டாம். முதல் நாள் போய் உக்காந்தா, யாராவது வராம இருந்தா, வகுப்புல சேர்றதுக்கான ஆட் கோட்-ஐ புரொஃபசர் குடுப்பார். என் லீனியர் அல்ஜீப்ரா அப்படிக் கிடைச்சதுதான்.

இதைப் படிக்கிற வேற யாராவது, ஊர்ல ஒரு வருஷம் இஞ்சினியரிங் படிச்சுட்டு வந்திருந்தா அதை மறைக்காதீங்க. படிச்ச எல்லாக் காலேஜையும் யூசி அப்ளிகேஷன்ல எழுதியே ஆகணும், வெளிநாட்டுக் காலேஜும் சேர்த்துத்தான்.

கேள்வி: ரொம்ப நன்றிம்மா. ஃபீஸ் எவ்வளவு ஆகும்? எச்4ல இருக்கிறதால ஏதாவது சிக்கல் வருமா?

பதில்: எச்4லயே முழுநேரமா படிக்கலாம், அதுக்காக எஃப்1 மாணவர் விசாவுக்கு மாத்த வேண்டியதில்லை. கலிஃபோர்னியாவுல குடியிருப்பவங்கன்னு ஆகிட்டா ஒரு யூனிட் 46 டாலர், டிரான்ஸ்ஃபருக்குத் தேவையான 60 யூனிட்டுக்கு 2,760 டாலர். ஆனா அந்தத் தகுதிக்கு ஒரு வருஷமும் ஒரு நாளும் இங்கே இருந்திருக்கணும், அதனால முதல் வருஷம் பல மடங்கு கட்ட வேண்டி வரலாம். எச்4ல இருக்கிறவங்க இந்தத் தகுதியை வாங்க முடியும், எஃப்1ல முடியாது. வீட்டு லீஸ், லைசென்ஸ், வரி பேப்பர் எல்லாத்தையும் இன்னிக்கே ஒரு ஃபைல்ல போட ஆரம்பிங்க.

பெரிய சிக்கல் 21 வயசு. அன்னிக்கு எச்4 முடிஞ்சிடும், எஃப்1க்கு மாறணும். யூசியில வெளி மாநிலத்தவர் கணக்குல வந்தா வருஷத்துக்கு 30 ஆயிரம் டாலருக்கு மேல கூடுதலா கட்டணும். அவ பிறந்த தேதியையும் டிரான்ஸ்ஃபர் ஆகுற மாசத்தையும் பக்கத்துல பக்கத்துல எழுதிப் பார்த்துட்டு, ஒரு இமிக்ரேஷன் வக்கீலை இப்பவே கேளுங்க. இதை மட்டும் தள்ளிப் போடாதீங்க அக்கா.

எந்தக் காலேஜ்னு முடிவானதும் அசிஸ்ட்ல இருந்து மூணு வளாகத்து ஒப்பந்தத்தை எடுத்து இங்கே போடுங்க. கணக்குப் பாடங்களை எந்த வரிசையில எடுக்கலாம்னு உக்காந்து பார்த்துச் சொல்றேன்.